தொய்முஸ் சொல்கிறான்

2007ஆம் ஆண்டு ஜூலை 26, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். எங்கள் கணக்கில் சிராவண மாதம் பதினோராம் நாள். மழை இல்லை. தென்கிழக்கிலிருந்து காற்று மூன்றாம் நாளாக ஒரே வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் நாற்று நட்டு வைசாகத்தில் அறுக்கும் எங்கள் தாழ்நிலம் அப்போது கண்ணுக்கெட்டிய வரை தண்ணீராக இருந்தது. அந்தத் தண்ணீரின் நடுவில் உஜான்காந்தி என்னும் எங்கள் ஊர், நாற்பத்தொரு வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒரு மண்மேடு. காற்று மூன்று நாள் நிற்காமல் வீசினால் அலை எழும்; அலை எழுந்தால் மேடு கரையும். ரங்மாலா பீபியின் வீட்டுக்குப் பின்புறம் இரண்டு முழ மண் போய்விட்டிருந்தது. கரையோரம் நின்ற வாழை ஒன்று வேரைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் கிடந்தது.

ரங்மாலாவுக்கு அன்று இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, பொழுது சாய்வதற்குள் வீட்டின் பின்புறம் அலைத்தடுப்புக் கட்டி முடிப்பது. மற்றொன்று, நான்கு மணிக்கு மாவட்டத் தலைநகரான சுனாம்கஞ்சிலிருந்து வரவிருந்த இயந்திரப் படகில் ஒரு படிவத்தைக் கையொப்பமிட்டுக் கொடுத்தனுப்புவது. முதல் வேலையை எப்படிச் செய்வதென்று அவளுக்குத் தெரியும்.

படிவம் அவளுடைய கணவர் தொய்முஸ் அலியின் பாடல்களைப் பற்றியது. தொய்முஸ் பாட்டுக் கட்டித் தாமே பாடியவர். தொண்டையில் நோய் கண்டு 1997ஆம் ஆண்டு மாக மாதத்துக் குளிரில் இறந்தார். எங்கள் பக்கத்தில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தம் பெயரை முத்திரையாக வைப்பார்கள். ஆகவே ஒரு பாட்டு யாருடையது என்று இங்கே எவரும் கேட்பதில்லை, கடைசி அடி வரை காத்திருந்தால் போதும். மாவட்டத் தலைநகரின் பாடல் தொகுப்புக் குழுவும் அந்த அளவுகோலையே வைத்துக்கொண்டது. அதன் செயலாளர் முக்தாதிர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இரண்டு ஆண்டுகள் படகில் அலைந்து இருநூற்றுப் பதினான்கு பாடல்களைச் சேர்த்திருந்தார். அவை யாவும் தொய்முஸ் அலி இயற்றியவையே என்று வாரிசுகள் உறுதியளித்தால் புத்தகம் அச்சுக்குப் போகும்.

பாடல்களைப் பிழையின்றிப் படியெடுக்கும் பொறுப்பை ரங்மாலாவின் மகள் அம்பியா ஏற்றிருந்தாள். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நூற்றுத் தொண்ணூற்றைந்து பாடல்கள் தந்தையின் கையெழுத்திலேயே நோட்டுகளில் இருந்தன. எஞ்சிய பத்தொன்பது பாடகர்களின் வாயிலிருந்து எழுதியெடுத்தவை. செவ்வாய்க்கிழமை மாலை, அந்தப் பத்தொன்பதில் மிகவும் பெயர் பெற்றதை அவள் படியெடுத்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு விளக்கு தூரத்துல,
உன் வாசல்னு படகைத் திருப்பினேன்;
கிட்டப் போனா இரும்புக் கம்பம்,
கூப்பிட்டா யார் வருவா?
தொய்முஸ் சொல்றான்: சோத்தை மூடி வை,
அலை அடங்கட்டும், வந்துடறேன்.

இரும்புக் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு என்றால் அது சந்தைக்கரையில் நிற்கும் கைபேசிக் கோபுரம். அதை நட்டது 2004இல். தொய்முஸ் இறந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டரை ஆண்டுகளாக அந்தப் பாட்டைப் பாடாத படகோட்டி எங்கள் பக்கத்தில் இல்லை. தினமும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் பாடினார்கள். கடைசி அடியில் தொய்முஸின் பெயர் இருந்ததால் ஒருவரும் ஆண்டுக் கணக்குப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அம்பியா மற்றப் பதினெட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதும் முதலில் ஒரே வாயிலிருந்து வந்தவை. தொய்முஸின் நினைவு நாளில், ஆண்டுதோறும் மாக மாதத்தில், அவர் வீட்டு வாசலில் ஊர் கூடும். முதல் ஆண்டில் ஒரு பாட்டு, பிறகு ஆண்டுக்கு இரண்டு என்று, யாரும் அதுவரை கேட்டிராத பாடல்களைப் பாடியவர் நீரோத் பர்மன். மகள் இதைச் சொன்னபோது ரங்மாலா வியப்படையவில்லை. "வியாழக்கிழமை புல்லு கொண்டு வருவான். அப்ப கேக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நீரோத் ஆறு மணிக்கு வந்தார். மேற்கே ஒரு மைல் தள்ளியிருக்கும் மீனவர் மேட்டிலிருந்து, விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குப் புல் ஏற்றிய படகைத் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். தொய்முஸ் இறந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் அழைப்பில்லாமல் இப்படி வருகிறார். அவரும் பாட்டுக் கட்டுகிறவர். இருபது ஆண்டுகள் இருவரும் மேடையில் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பாட்டால் மடக்கியவர்கள். தொய்முஸ் மூன்று மாதம் மூத்தவர் என்ற கணக்கில் ரங்மாலா அவருக்கு அண்ணி. அந்த உறவில் எங்கள் பக்கத்தில் கேலி செய்யாமலிருப்பது மரியாதைக் குறைவு.

"அண்ணி, வாழை சாஞ்சிடுச்சே. தார் விட்டிருந்துச்சா?"

"விட்டிருந்தா நீ நேத்தே வந்திருப்பியே கொழுந்தனாரே. என்ன புல்லு இது, பாதி ஈரம்?"

"தண்ணியில அறுத்த புல்லு ஈரமாத்தான் இருக்கும். உங்களுக்காக அடுப்புல வாட்டியா எடுத்துட்டு வர?"

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷமும் நீங்க இதையேதான் கேட்டீங்க."

மூங்கில் அறைய ஓர் ஆள் வேண்டுமென்பதால் அடுத்த வீட்டுக்காரனான என்னை அழைத்திருந்தார்கள். முறை எளியது. கரையை ஒட்டி மூங்கில் கழிகளை இரண்டு வரிசையாக அறைந்து, இடையில் புல்லைக் கட்டுக்கட்டாகத் திணித்து, மேலே குறுக்குக் கழி வைத்துக் கயிற்றால் இறுக்க வேண்டும். அலை புல்லில் மோதித் தன் வேகத்தை இழக்கும், மண் தப்பும். கடினமானது, அலை நமக்காகக் காத்திருக்காது என்பதுதான். நீரோத் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழியைப் பிடித்துக்கொண்டு அலைகளை எண்ணினார். "வருது. போகட்டும். இன்னொண்ணு. இப்ப அடி!" என்பார். நான் படகின் பலகை மேல் நின்று கட்டையால் இரண்டு அடி அடிப்பேன். மூன்றாவது அடிக்குள் அடுத்த அலை வந்துவிடும். அம்பியா புல் கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். அலை நாட்களில் பள்ளிக்குப் படகு போகாது. ரங்மாலா கயிற்றை முறுக்கினாள்.

பத்து மணிக்குள் பதினான்கு கழிகள் நின்றன. கரையேறி உட்கார்ந்தோம். பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் பிசைந்து, பக்கத்தில் புளித்த மீன் துவையலை ஓர் உருண்டை வைத்து, இஞ்சி தட்டிய கறுப்புத் தேநீருடன் ரங்மாலா கொண்டு வந்தாள். அம்பியா உள்ளே போய்ப் படியெடுத்த தாள்களை எடுத்து வந்தாள். நீரோத் அவளுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா முறை.

"சாச்சா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"எனக்கு மறைக்க என்ன இருக்கு? இருக்கிற ஒரு லுங்கியும் நனைஞ்சு கிடக்கு."

"சிவப்பு விளக்குப் பாட்டு அப்பா கட்டினதா?"

"கடைசி அடி என்ன சொல்லுது?"

"தொய்முஸ் சொல்றான்னு சொல்லுது."

"அப்புறம் என்ன கேள்வி? நீ டீச்சர்தானே, படிக்கத் தெரியாதா?"

"டவர் எந்த வருஷம் வந்துச்சு சாச்சா?"

நீரோத் ஒரு பிடிப் பொரியை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பொரி அவ்வளவு நேரம் மெல்ல வேண்டிய பொருள் அன்று.

"எந்த டவர்?"

"இங்கேர்ந்து பாத்தா எத்தனை டவர் தெரியுது?"

"எனக்கு இப்பல்லாம் தூரப் பார்வை சரியில்ல."

"2004ல வந்துச்சு. அப்பா போனது 97."

"உங்க அப்பா சாமானிய ஆளா? ஞானி. ஏழு வருஷம் முன்னாடியே பாத்திருப்பாரு."

ரங்மாலா சிரித்துவிட்டாள். "பாரு, செத்தவரை ஞானியாக்கி இவன் தப்பிச்சுக்கப் பாக்குறான்."

"மத்தப் பதினெட்டு?" என்றாள் அம்பியா.

நீரோத் கையிலிருந்த பொரியைத் தட்டில் திரும்பப் போட்டார்.

"அதுவும்தான்" என்றார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இது தொய்முஸ் கட்டினதுன்னு இந்த வாயால ஒரு தடவை சொன்னதில்ல. யாரும் கேக்கல. நான் பாடினேன், கடைசி அடியில அவரு பேரு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"ஏன் சாச்சா?"

"என்ன ஏன்? அவருக்காகக் கட்டினது. அவரை நினைச்சுக்கிட்டு உக்காந்தா அவரு குரல்லதான் வருது. என் பேரைக் கொண்டுபோய் அங்க எங்க செருகுறது?"

"எனக்கு ரெண்டாம் வருஷமே தெரியும்" என்றாள் ரங்மாலா.

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அவள் கயிற்றுப் பிரியை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு வருஷம் அவரோட குடும்பம் நடத்தினவ. அவரு பாட்டுல ஒரு ஆளு உக்காந்து சோறு தின்னதில்ல. ஆறு வரும், கதவு வரும், ஆத்மா வரும், அழுகை வரும். பசி மட்டும் வராது. நீ ரெண்டாம் வருஷம் பாடினியே, ஆறின சோத்துல புளிக்குழம்பு ஊத்தின பாட்டு, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது யாரு வயிறுன்னு."

நீரோத்தின் காது சிவந்தது. "அப்ப ஏன் அண்ணி சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? மாக மாசம் ஆனா முந்நூறு பேரு என் வாசல்ல வந்து, என் புருஷனோட புதுப் பாட்டுக்காகக் குளிர்ல காத்துக் கிடக்குறாங்க. செத்தவருக்குப் புதுப் பாட்டு! எவளுக்குக் கிடைக்கும் அது? எனக்கு நன்றின்னு வாயால சொல்லத் தெரியாது. நீ புல்லு கொண்டு வரப்பத் திட்டுறேன்ல, அதான்."

 அம்பியாதான் பேச்சைப் படிவத்துக்குத் திருப்பினாள். அவளுக்கு நான்கு மணிப் படகு நினைவில் இருந்தது.

"அம்மா, படிவத்துல இருநூத்திப் பதினாலும் அப்பாவோடதுன்னு எழுதியிருக்கு. நாம கையெழுத்துப் போட்டா அது பொய். நாளைக்கு எவனாவது என்னை மாதிரி டவரை எண்ணிப் பாத்தான்னா, இது ஒண்ணு மட்டும் பொய்யின்னு சொல்ல மாட்டான். இவரு பாட்டே இவரோடது இல்லைம்பான். நோட்டுல இருக்கிற நூத்தித் தொண்ணூத்தஞ்சும் சந்தேகத்துல போயிடும்."

"அப்ப பத்தொம்பதையும் எடுத்துப் போட்டுடு" என்றார் நீரோத்.

"சிவப்பு விளக்கு இல்லாத தொய்முஸ் புத்தகத்தை எந்தப் படகுக்காரன் கையில தொடுவான்? எங்கே அந்தப் பாட்டுன்னு கேப்பான். என்ன சொல்றது?"

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு."

"அதுவும் பொய்தான். நீங்க கட்டினதுன்னு போட்டுடலாம் சாச்சா."

"கூடாது." அவர் எழுந்துவிட்டார். "குடுத்ததைத் திரும்ப வாங்குறவன் கக்கினதை நக்குற நாய்க்குச் சமம்னு உங்க மௌலவிதானே சொல்றாரு? நான் இந்துக்காரன், அதைக் கேட்டு நடக்குறேன். நீங்க கேக்க மாட்டேங்குறீங்க. என் பேரைப் போட்டா, முக்தாதிர் சார் முன்னாடி நான் கட்டவே இல்லன்னு சொல்லிடுவேன். சத்தியம் வேணும்னாலும் பண்ணுவேன்."

"பொய்ச் சத்தியமா?"

"காரணம் நல்ல காரணம்."

அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் மறுத்தால், அந்தப் பாடல்கள் அவருடையவை என்பதற்கு அவர் வாயைத் தவிர வேறு சான்று இல்லை. ரங்மாலாவுக்குக் கணவரின் புத்தகம் வேண்டும், பொய்யில்லாமல் வேண்டும். அதற்கான சாவி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அலை எண்ணிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம் இருந்தது.

நடுப்பகலில் சோறு உண்டோம். கெளுத்தி மீனைப் புளிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள் ரங்மாலா. நீரோத் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த ஆண்டுப் பாட்டுக்குப் பொருள் ஆயிற்று என்று ரங்மாலா சொன்னாள். அதற்கு அவர் சிரித்தார். ஆனால் அம்பியா தாள்களின் பக்கம் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குக் காற்று இன்னும் ஏறியது. வரிசையின் நடுவில் நான்கு கழிகள் ஒன்றாகச் சாய்ந்து, திணித்த புல்லில் பாதி அலையோடு போயிற்று. திரும்பத் தொடங்கினோம். இம்முறை ரங்மாலாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். குறுக்குக் கழியின் ஒரு முனையில் நீரோத், மறுமுனையில் அவள். இடையில் கயிறு.

"கொழுந்தனாரே, பாலுகாந்தி ஊரு சௌத்ரி வீட்டுக் கல்யாணம் ஞாபகம் இருக்கா?"

நீரோத்தின் கை நின்றது. "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு அண்ணி?"

"எதுக்குன்னு சொல்றேன். கயித்தை விடாத." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியாது, நீ அப்ப டாக்கால கூலி வேலையில இருந்த. எண்பத்தி ஒண்ணு. என் வீட்டுக்காரரு தனியாப் பாடப் போனாரு. நாலு பாட்டுத் தன்னோடது பாடிட்டு, அஞ்சாவதா இந்த மகராசன் பாட்டு ஒண்ணை எடுத்தாரு. கடைசி அடி வரப்ப அந்த வீட்டுப் பெரியவரு கையைத் தூக்கி நிறுத்தினாரு. 'கல்யாண வீட்டுல மீன் பிடிக்கிறவன் பேரு எதுக்கு, உன் பேரைப் போட்டு முடி'ன்னாரு."

எங்கள் பக்கத்தில் அது அரிதான செயல் அன்று. பிறர் பாட்டின் கடைசி அடியை மழித்துத் தம் பெயரை நட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் பெரும் பாடகர்கள் என்று பெயர் வாங்கியும் இருக்கிறார்கள்.

"மீட்டிக்கிட்டு இருந்த தோதாராவைத் துணிப் பையில போட்டுக்கிட்டு மேடையை விட்டு இறங்கிட்டாரு" என்றாள் ரங்மாலா. "அஞ்சு மாடு அறுத்த கல்யாணம். ஒரு பிடி தின்னல. அம்பியா அப்ப என் வயித்துல. கறி வரும்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். வெறுங்கையோட வந்து நிக்கிறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல பானையைப் போட்டு உடைச்சேன். என்ன நடந்துச்சுன்னு கேட்டா, 'நீரோத் பேரை எடுக்கச் சொன்னாங்க. அது என்னோடதா, எடுக்குறதுக்கு?'ன்னாரு. அதுக்கப்புறம் மூணு வருஷம் அந்தக் கரையில ஒருத்தனும் அவரைப் பாடக் கூப்பிடல."

"தெரியும் அண்ணி." நீரோத்தின் குரல் தாழ்ந்திருந்தது. "நான் கண்ணால பாக்கல. படகுக்காரன் சொல்லித்தான் தெரியும். அவரு ஒரு நாளும் அதை என்கிட்ட சொன்னதில்ல. அதுக்குத்தானே நான் இவ்வளவும்..."

"அதுக்கு நீ என்ன பண்ணின?" அவள் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். "அவரு ஒரே ஒரு பாட்டுலேர்ந்து உன் பேரை எடுக்க மாட்டேன்னு பட்டினியா வந்தாரு. நீ பத்தொம்பது பாட்டுலேர்ந்து எடுத்துட்ட. சௌத்ரி சொல்லி அவரு செய்யாததை, சொல்லாமலே நீ செஞ்சுட்ட. அதுவும் அவரு வாசல்லயே உக்காந்து."

அலை வந்தது. நீரோத் அதை எண்ணியிருக்கவில்லை. கழி அவர் மார்பில் மோதியது. நால்வரும் தலை வரைக்கும் நனைந்தோம். அம்பியா வைத்திருந்த புல் கட்டு கைநழுவிப் போயிற்று. நீரோத் அதை எட்டிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் நன்றிக்குத்தான் அண்ணி பண்ணினேன்."

"யாரு இல்லைன்னா? பத்து வருஷமா அந்த நன்றியைத் தின்னுக்கிட்டு இருக்கிறவ நான். ஒரு எழுத்து மாத்த வேணாம். கடைசி அடியில அவரு பேரே இருக்கட்டும், நீ குடுத்தது குடுத்ததுதான். மேல மட்டும் ஒரு வரி. இதைக் கட்டினவன் இன்னாருன்னு. அதுக்கு நீ கையெழுத்துப் போடணும்."

"கயிறு வழுக்குது. இறுக்கிப் பிடிங்க" என்றார் நீரோத்.

 ரங்மாலா இறுக்கிப் பிடித்தாள். சாய்ந்த நான்கு கழிகளும் மூன்றரை மணிக்கு மீண்டும் நின்றன. கடைசிக் கட்டுகளைப் போடுவதற்காக நீரோத் தண்ணீரிலேயே இருந்தார்.

இயந்திரப் படகு நான்கு மணி இருபது நிமிடத்துக்கு வந்தது. முக்தாதிர் முதலில் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு, காற்று எதிர்த்தது என்று காரணம் கூறினார். அதன் பிறகே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறினார். கையில் நெகிழிப் பையில் சுற்றிய பேனாப் பெட்டி. அலை ஓயாத நிலையில் படகை வெகுநேரம் நிறுத்த முடியாது என்று படகுக்காரன் கத்தினான். அம்பியா நடந்ததை ஏழெட்டு வாக்கியங்களில் சொன்னாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வர வழியெல்லாம் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கிட்டு வந்தேன்" என்றார். "எதிர்ல டவர். முப்பத்து மூணு வருஷம் பசங்களுக்கு வரலாறு நடத்தினவன் நான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டோம் சார். இப்ப என்ன பண்றது?"

"ஒருத்தர் பேர்ல புத்தகம், உள்ளே ரெண்டு பேர் பாட்டு. குழுவுல ரெண்டு பேரு கட்டாயம் சண்டை போடுவாங்க. மூணாவது ஆளு நான். நான் பேசிக்கிறேன். ஆனா படிவத்துல இதுக்கு இடமே இல்லையே, அம்மா."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு சார்?" என்றாள் அம்பியா.

"குழு ஒத்துக்கலைன்னா?"

ரங்மாலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஒத்துக்கலைன்னா புத்தகம் வேணாங்க. பத்து வருஷம் நோட்டுலயே இருந்துச்சு. இன்னும் இருக்கட்டும். பொய்யோட அச்சடிச்சு என் வீட்டுல வைக்க மாட்டேன்."

அவள் சொல்லச் சொல்ல அம்பியா படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். முன்பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கை அடித்து நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று திருத்தினாள். பின்பக்கத்தில் எழுதியது இது: இத்துடன் உள்ள பத்தொன்பது பாடல்களும் தொய்முஸ் அலியின் நினைவாக அவருடைய தோழர் நீரோத் பர்மன் கட்டியவை. அவை இதே புத்தகத்தில் தனிப் பகுதியாக, கடைசி அடியில் தொய்முஸின் பெயருடனும் தொடக்கத்தில் நீரோத்தின் பெயருடனும் வர வேண்டும். இரண்டில் எதையேனும் நீக்கினால் எங்கள் ஒப்புதல் செல்லாது.

ரங்மாலா முதலில் கையொப்பமிட்டாள். எழுத்து ஒவ்வொன்றையும் முடித்த பின் பேனாவைத் தூக்கி, அடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டு இறக்கினாள். பின்பு அம்பியா. மூன்றாம் இடம் காலியாக இருந்தது. யாரும் நீரோத்தைக் கூப்பிடவில்லை.

அவர் கடைசி முடிச்சைப் போட்டார், அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், கரையேறினார். கையில் சேறு. ரங்மாலா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்; அவர் கழுவி, உலர்ந்த துணி கேட்டு வாங்கித் துடைத்து, முக்தாதிருக்கு வணக்கம் சொன்ன பிறகு தாளை வாங்கினார். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"பகுதின்னு போட்டிருக்கே, அதுக்குத் தலைப்பு என்ன?"

"நீதான் சொல்லணும்" என்றாள் ரங்மாலா.

அவர் யோசித்தார். படகுக்காரன் மறுபடியும் கத்தினான்.

"தொய்முஸுக்கு. அது போதும். அலங்காரம் ஒண்ணும் வேணாம்."

அம்பியா எழுதினாள். நீரோத் சுவரில் தாளை வைத்துக் கையொப்பமிட்டார். வேகமாகத்தான் இட்டார். இட்ட பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வருஷம் புல்லு பரவாயில்ல" என்றாள் ரங்மாலா.

"ஈரம்னீங்க?"

"ஈரம்தான். பரவாயில்லன்னுதான் சொன்னேன்."

காற்றில் ஈரம் அதிகமாக இருந்ததால் மை உலர நேரமெடுத்தது. முக்தாதிர் இரண்டு கைகளாலும் அணைகட்டிக் காற்றை மறைத்தார். பின்பு அவர் படகேறினார். தாளைக் கொடுக்க ரங்மாலா தானே கரை விளிம்புக்குப் போனாள். அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். பிறர் பெயரை வாசிக்கத் தெரியாது.

"இதுல நீரோத் பேரு எது?" என்று கேட்டாள்.

அம்பியா காட்டினாள். ரங்மாலா குனிந்து அந்த எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தாள். ஈரம் பட்டுவிடாமலிருக்க அவற்றின் மேல் விரல் வைக்காமல், தாளின் இரு ஓரங்களையும் பிடித்து, முக்தாதிர் நீட்டிய இரண்டு கைகளில் கொடுத்தாள்.